பழைய புல்லட், புதுச் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. பெங்களூர் அல்சூரில், அப்பா விட்டுப்போன 1981 மாடல் புல்லட் 350-ஐ இருபது வருஷத்துக்கு மேலாக ஓட்டுகிறவன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஸ்பேனரோடு உட்கார்ந்தால் எப்படியும் இரண்டு மூன்று பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். “அண்ணா, எஞ்சின்ல ஒரு சத்தம் வருது, கொஞ்சம் கேளுங்களேன்” என்றுதான் பேச்சு தொடங்கும். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன். கணக்கில் எடுத்துக்கொண்டது திருவொற்றியூரில் செய்த, பிஸ்டன் ஓடும் பேரல் இரும்பில் இருக்கும், கியரும் கிக்கரும் வலப்பக்கம் இருக்கும் பழைய புல்லட். யெஸ்டிக்காரர்களுக்கும் ஒரு பதில் உண்டு.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்த வேண்டுமா?

அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி கனமான ‘டொக் டொக்’ என்றால், ஆமாம், அந்த இடத்திலேயே. கிளட்ச்சைப் பிடித்து, எஞ்சினை அணைத்து, ஓரம் கட்டுங்கள். “வீடு பக்கத்தில்தானே, மெதுவாகப் போய்விடலாம்” என்று ஓட்டிய கடைசி இரண்டு கிலோமீட்டரில், பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் போனவர்களை எனக்குத் தெரியும். முதலில் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் இல்லையென்றால் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான்.

மெல்லிய ‘டிக் டிக்’ என்றால் பதற வேண்டாம். வீடு வரை நிதானமாக வரலாம்.

எனக்கு எல்லாச் சத்தமும் ‘டக் டக்’ என்றுதான் கேட்கிறது. எப்படிப் பிரிப்பது?

என்ன சத்தம் என்பதை விட்டுவிடுங்கள். அது ஆளுக்கு ஆள் மாறும். ஒருத்தருக்கு ‘டக்’, இன்னொருத்தருக்கு ‘ணங்’. எப்போது வருகிறது, எங்கே வருகிறது என்பதைப் பிடியுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? நின்ற இடத்தில் ஓடும்போதா, மேட்டில் இழுக்கும்போதா? வலப்பக்கமா, இடப்பக்கமா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

காது கொஞ்சம் பழகியவர்களுக்கு நாலாவதாக ஒன்று உண்டு. இது நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு சுற்று, சைலன்சரில் ஒரு ‘டப்’. எஞ்சினை முடிந்தவரை மெதுவாக ஓடவிட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு ‘டப்’புக்கு ஒரு தட்டு என்றால் பெரும்பாலும் வால்வு, அல்லது கேமின் அசைவை வால்வுக்கு அனுப்பும் டேப்பெட் பக்கம். ஒரு ‘டப்’புக்கு ஒரே சீராக இரண்டு தட்டு என்றால் கிராங்க்கோடு சேர்ந்து சுற்றும் எதையாவது சந்தேகப்படலாம். இரண்டு டேப்பெட்டும் லூசாக இருந்தால் இந்தக் கணக்கு குழப்பும். அதனால் இதை மட்டும் நம்பி எஞ்சினைப் பிரித்துவிடாதீர்கள்.

ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்கிறார்களே, அதில் நிஜமாகவே ஏதாவது தெரியுமா?

நன்றாகவே தெரியும். டாக்டரின் ஸ்டெதஸ்கோப் செய்யும் வேலைதான். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் அழுத்தி வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் ஒட்டி வையுங்கள். காது ஓட்டைக்குள் விடாதீர்கள், யாராவது பின்னாலிருந்து ஒரு தட்டு தட்டினால் ஆபத்து. தொங்கும் துண்டு, சட்டை நுனி எதுவும் பின் செயின் பக்கம் போகக் கூடாது.

எங்கே வைப்பது என்று தெரிந்திருந்தால்தான் கேட்டதற்குப் பயன். வலப்பக்கம் கீழே டைமிங் கவர். அதற்குள் கேம், டைமிங் கியர்கள், ஆயில் பம்ப். இந்த வண்டியில் அந்தக் கியர்கள் கொஞ்சம் சலசலப்பது இயல்பு, அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பேரலுக்குக் கீழே வலப்பக்கம் சின்ன மூடி, அதற்குள் டேப்பெட். பேரலுக்கு மேல் இருக்கும் ஹெட்டில் இரண்டு ராக்கர் மூடிகள், அதற்குள் வால்வை அழுத்தும் ராக்கர். இடப்பக்கம் அந்தப் பெரிய அலுமினிய கவருக்குள் கிளட்ச், பிரைமரி செயின், கரண்ட் எடுக்கும் மேக்னெட். ஒவ்வொன்றிலும் வைத்துக் கேட்டுவிட்டுக் கடைசியாகப் பேரலின் நடுவில் வையுங்கள். சத்தம் உரக்கக் கேட்கும் இடம்தான் ஊற்று என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இரும்பு நன்றாகக் கடத்தும். பேரலில் கேட்டது பக்கத்துக் கவரிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். இரண்டு இடத்தை மாற்றி மாற்றி ஒப்பிட்டுப் பாருங்கள்.

தையல் மெஷின் மாதிரி ‘டிக் டிக்’ என்று ஓயாமல் வருகிறது. டேப்பெட்டா?

பத்துக்கு ஏழு தடவை அதுதான். நல்ல செய்தியும்கூட, ஏனென்றால் இதைச் சரிசெய்யக் காசே ஆகாது. ஆனால் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். நான் ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் கிக் அடிப்பதற்கு முன்னால் பார்ப்பேன்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னோக்கி மெல்லச் சுற்றுங்கள். டேப்பெட் மூடியைத் திறந்தால், டேப்பெட்டிலிருந்து ராக்கருக்குப் போகும் இரண்டு கம்பிகளான புஷ் ராடுகளின் அடிப்பாகம் தெரியும். இன்லெட் ராடு ஏறி இறங்கிய பிறகு, பிஸ்டன் மேலே வரும் வரை இன்னும் கொஞ்சம் சுற்றுங்கள். பிளக் ஓட்டையில் ஒரு பழைய ஸ்போக் கம்பியைத் தளர்வாக விட்டுக் கையில் பிடித்திருந்தால், அது ஏறி நிற்கும் இடம் தெரியும். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும்.

இப்போது புஷ் ராடைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் திருப்புங்கள். வழுவழுவென்று சுற்ற வேண்டும். ஆனால் மேலும் கீழும் துளிகூட ஆடக் கூடாது. இந்த வண்டிக்கு இதுதான் அளவு, கேஜ் எதுவும் தேவையில்லை. ஆட்டம் இருந்தால் லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சரி செய்யுங்கள். மெல்லிய ஸ்பேனர்கள் வேண்டும், வழக்கமான தடிமனில் உள்ளவை அங்கே நுழையாது. லாக் நட்டை இறுக்கிய பிறகு இன்னொரு தடவை சுற்றிப் பார்க்க மறக்காதீர்கள். இறுக்கும்போதுதான் அளவு மாறிவிடும். நான் இதில் ஏமாந்தது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை.

சத்தமே வரக் கூடாது என்று டைட்டாக வைத்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். வண்டி அமைதியாகத்தான் ஓடும். பிறகு வால்வு முழுசாக மூடாமல் கருகும், கிக்கரில் பிடிமானம் குறையும். லேசாக டிக் அடிக்கும் புல்லட்டை நான் நம்புவேன், ஊமைப் புல்லட்டை நம்பமாட்டேன்.

டேப்பெட் வைத்தாகிவிட்டது. ‘டிக் டிக்’ அப்படியே இருக்கிறதே?

அப்படியானால் காற்று கசிகிறதா என்று பாருங்கள். புகை வெளியேறும் பெண்ட் பைப் ஹெட்டில் நுழையும் இடத்தில் லூசாக இருந்தால் அசல் டேப்பெட் சத்தமே கேட்கும். அந்த மூட்டைச் சுற்றிக் கரும்புகை படிந்திருக்கிறதா பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பைப் சூடேறுவதற்குள் மூட்டின் பக்கத்தில் புறங்கையைக் காட்டினால் ஊதுவது தெரியும். பிளக் சரியாக இறுகாவிட்டாலும் இப்படித்தான். கிக் அடிக்கும்போது அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷர் வால்வு ஒழுங்காக உட்காராவிட்டால் ‘புஸ் புஸ்’ என்ற மூச்சு கூடவே வரும்.

இதெல்லாம் இல்லையென்றால் ராக்கருக்கு ஆயில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் மேல் போல்ட்டை லேசாகத் தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். கசியவில்லையென்றால் அணைத்துவிடுங்கள். அதன் பிறகு பேச வேண்டியது பம்ப்பைப் பற்றி.

காலையில் கிளம்பும்போது பேரலில் தட்டுகிறது, ஹெப்பால் தாண்டுவதற்குள் போய்விடுகிறது. விட்டுவிடலாமா?

விடலாம். பிஸ்டன் பேரல் சுவரில் இடித்துக்கொள்ளும் சத்தம் அது. பிஸ்டன் அலுமினியம், பேரல் இரும்பு. சூடேறினால் பிஸ்டன் அதிகமாக விரிந்து இடைவெளி அடைபடும். டிசம்பர் மாதம் பெங்களூரில் இது இல்லாத பழைய புல்லட் குறைவு. ஸ்டார்ட் ஆனதும் முறுக்காதீர்கள். சூடேறிய பிறகும் சத்தம் போகாவிட்டால், கூடவே நீலப்புகையும் வந்தால், பேரலைக் கடைந்து பெரிதாக்கி (போர் போட்டு) ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டும் நேரம் வந்துவிட்டது.

மெக்கானிக் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு “ராடு அடிக்குது, எஞ்சின் இறக்கணும்” என்கிறார். நம்பலாமா?

ராடு என்பது பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு. நம்பலாமா என்பதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் என் வண்டியில் கீழேயிருந்து ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம். ஒரு பட்டறையில், பெயர் வேண்டாம், ராடு போய்விட்டது என்றார்கள். எஞ்சினை இறக்கி, கிராங்க்கை லேத்துக்கு அனுப்பி, ராடின் அடிமுனையில் இருக்கும் பிக் எண்ட் புஷ் மாற்றி, 14,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். ஸ்டார்ட் செய்தால் அதே சத்தம். “புது புஷ் இல்லையா, செட் ஆகிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்” என்று பதில்.

வண்டியை சிவாஜிநகரில் ஒரு வயசான பாயிடம் கொண்டுபோனேன். அவர் குனியக்கூட இல்லை. கிளட்ச்சைப் பிடித்துக் கியரைப் போடச் சொன்னார். பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்ச்சை இம்மியளவு விடச் சொன்னார். எஞ்சின் கொஞ்சம் திணறியது. சத்தம் காணாமல் போனது. கிளட்ச்சை மறுபடி பிடித்ததும் திரும்ப வந்தது. “தம்பி, ராடுன்னா வெயிட்டு குடுத்தா கத்தும். இது வெயிட்டு குடுத்தா அடங்குது. லெஃப்ட் சைடு தொற” என்றார்.

அந்த இடது கவர் ஒரே ஒரு பெரிய நட்டில்தான் நிற்கிறது. ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் விலக்கி, கீழே ஒரு தட்டை வைத்து, அந்த நட்டைக் கழற்றினால் கவர் கையோடு வந்துவிடும். உள்ளே கிராங்க் நுனியில், மேக்னெட்டின் சுற்றும் பாகமான ரோட்டரைப் பிடித்திருந்த நட் கையால் திருப்பும் அளவுக்கு லூசு. ரோட்டர் ஒரு பக்கம், சுற்றாத பாகமான ஸ்டேட்டரில் உரசி, பாதரசம் பூசினாற்போல் ஒரு பட்டை மின்னியது. நட்டை இறுக்கி, ரோட்டரைச் சுற்றிலும் 0.2 மில்லிமீட்டர் தகடு ஒரே மாதிரி நுழைகிறதா என்று ஃபீலர் கேஜால் பார்த்து ஸ்டேட்டரை நகர்த்தி வைத்தார். முக்கால் மணி நேரம். அவர் வாங்கிய காசை எழுதினால் அந்தப் பழைய பட்டறைக்காரர்களுக்குக் கோபம் வரும்.

அதனால், ராடு என்று யார் சொன்னாலும் முதலில் இடது கவரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரோட்டர் நட், எஞ்சின் ஸ்ப்ராக்கெட், பிரைமரி செயினின் தொய்வு மூன்றையும் அங்கேயே பார்த்துவிடலாம். செயினைக் கையால் தூக்கிப் பார்த்தால் 6 மில்லிமீட்டர் அளவுக்கு ஆட வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் கவரில் அடித்து, பழைய பாத்திர மூட்டையை உருட்டுவது போலச் சத்தம் போடும்.

ராடு நிஜமாகவே போயிருந்தால் அது ஒளிந்துகொள்ளாது. மேட்டில் முறுக்கினால் சத்தம் ஏறும், திராட்டிலை மூடினால் இறங்கும். ஆயிலைச் சூடாக இருக்கும்போது வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்தால் வெள்ளிப் பொடி மாதிரி மின்னும். காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். புஷ்ஷின் வெள்ளை உலோகம் காந்தத்தில் ஒட்டாது. கடைசியாக, பேரலைக் கழற்றிய பிறகு ராடை நேர் மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் இருந்தால் போச்சு. பக்கவாட்டில் ஆடுவது இயல்பு. அதை ஆட்டிக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு.

ஃபிளைஓவர் ஏறும்போது சில்லறைக் காசைக் குலுக்குவது போலச் சத்தம் வருகிறது. இதே வண்டி வேலூர் போனால் இன்னும் மோசம். ஏன்?

அது எதுவும் இடித்து வரும் சத்தம் இல்லை. பெட்ரோல் எரிய வேண்டிய ஒழுங்கில் எரியாமல் வெடிப்பதால் வருவது. பெரும்பாலும் டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம், முன்னால் ஓடுகிறது. தீப்பொறிக்காகக் கரண்டைத் துண்டிக்கும் சி.பி. பாயிண்ட்டின் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா பாருங்கள், அது கூடினாலே டைமிங் முன்னுக்குப் போகும். பாயிண்ட் தட்டுக்கு அடியில் இருக்கும் ஆட்டோ அட்வான்ஸின் ஸ்பிரிங் தளர்ந்து, எடைகள் விரிந்தபடியே நின்றுவிடுவதும் பழைய வண்டிகளில் சகஜம். பாயிண்ட்டைத் திறக்கும் கேமைக் கையால் திருப்பி விட்டால் சட்டென்று திரும்பி வர வேண்டும்.

வேலூர் விஷயத்துக்கு வருவோம். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் இருக்கிறது. இங்கே காற்று மெலிசு, கடற்கரையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் அழுத்தமும் அதற்கேற்பக் குறையும், அதனால் தப்பான டைமிங்கையும் வண்டி பொறுத்துக்கொள்ளும். கிருஷ்ணகிரி இறங்கி ஆம்பூர் வெயிலில் அதே திராட்டிலைத் திறந்தால் காற்று அடர்த்தி, பெட்ரோல் குறைந்து கலவை லீன், ஹெட்டும் கொதிக்கிறது. பெங்களூரில் மறைந்திருந்த தப்பு அங்கே வாய்விட்டுக் கத்துகிறது. இங்கே ஏறும்போது லேசாகக் கேட்கும் சில்லறைச் சத்தத்தை அலட்சியப்படுத்திவிட்டு நெடுஞ்சாலையில் ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோலைத் திட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் ஆக்டேன் குறைவில்லை. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய கார்பரேட்டரில் கலவை லீன் ஆகும், ரப்பர் பாகங்கள் ஊறிக் கெடும். அந்த இரண்டுக்கும் வேண்டுமானால் திட்டுங்கள்.

நியூட்ரலில் அரைக்கிற சத்தம். கிளட்ச்சைப் பிடித்தால் நின்றுவிடுகிறது.

கியர் பாக்ஸ். பேரிங்கோ கியரோ தேய்ந்திருக்கும். முதலில் அதன் ஆயிலைப் பாருங்கள், இந்த வண்டியில் கியர் பாக்ஸ் தனி, அதன் ஆயிலும் தனி. எத்தனையோ பேர் எஞ்சினுக்கு ஊற்றினால் அதற்கும் போய்ச் சேரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிளட்ச்சைப் பிடிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச் பக்கம்.

என்னுடையது யெஸ்டி. இதில் எதெல்லாம் பொருந்தும்?

மைசூரில் 1961-லிருந்து 1996 வரை தயாரான ஜாவா, யெஸ்டி வண்டிகள் டூ ஸ்ட்ரோக். வால்வு இல்லை, டேப்பெட் இல்லை, தனி ஆயில் பம்ப்பும் இல்லை. அதனால் ‘டிக் டிக்’ என்று வந்தால் ராடின் மேல்முனையான ஸ்மால் எண்டைச் சந்தேகப்படுங்கள். மேலே, கணீரென்று கேட்கும். கீழே உறுமினால் கிராங்க் பேரிங். இடப்பக்கம் கடகடத்தால் பிரைமரி செயின். ஓடிக்கொண்டிருக்கும்போது ‘கீச்’ என்று இழுத்து வேகம் தானாகக் குறைந்தால் கிளட்ச்சைப் பிடித்துவிடுங்கள், பிஸ்டன் ஜாம் ஆகப் போகிறது. பெட்ரோலில் கலக்கும் ஆயிலைக் குறைத்தால் புகை குறையும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. நான் நண்பரின் யெஸ்டிக்கு லிட்டருக்கு 40 மில்லி ஊற்றுகிறேன். புகைக்கு அக்கம்பக்கத்துத் திட்டும் சேர்த்து.

ஆறு மாதம் ஓடாமல் நின்ற வண்டி. ஸ்டார்ட் செய்ததும் புகையும் சத்தமும்.

நின்ற நாட்களில் ஆயில் டேங்கிலிருந்து கிராங்க் இருக்கும் இடத்துக்கு இறங்கிவிட்டிருக்கும். குச்சியில் ஆயில் குறைவாகக் காட்டும், உடனே ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள். அடியில் இருக்கும் போல்ட்டைத் திறந்து, தேங்கியதை வடித்துவிட்டுப் பிறகு அளவு பாருங்கள். நான் 20டபிள்யூ-50 ஊற்றுகிறேன்.

1984 மாடலை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்ய முடியுமா?

இப்போது முடியாது. மத்திய அரசின் 2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். அந்தப் பதிவை வாங்கினால் தினமும் ஆபீசுக்கு ஓட்டவும் முடியாது.

பாகங்களை எங்கே வாங்குவது?

ஜே.சி. ரோடு. பழைய பாகத்தைத் துடைத்துக் கையோடு கொண்டுபோய்க் கவுண்டரில் வையுங்கள், பேரை மட்டும் சொன்னால் வேறு எதையாவது கொடுத்துவிடுவார்கள். சிவாஜிநகர் குஜரிக் கடைகளில் அசல் பழைய பாகம் அகப்படும், ஆனால் பேரிங், புஷ் வகையறாவை அங்கே வாங்காதீர்கள். கவர், லீவர், மூடி மாதிரி சுற்றாத சாமான்களை மட்டும் வாங்குங்கள்.

சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பினால் கேட்டுச் சொல்வீர்களா?

அனுப்பாதீர்கள். போன் மைக் கனமான சத்தத்தை விழுங்கிவிட்டு மேலே இருக்கும் சலசலப்பை மட்டும் பெரிதாக்கும். கேட்டால் எல்லா வண்டியும் டேப்பெட் போன வண்டிதான். நேரில் கொண்டுவாருங்கள். பக்கத்தில் என்றால் ஓட்டாமல் தள்ளிக்கொண்டு வாருங்கள், குளிர்ந்த எஞ்சினின் முதல் கிக்கில்தான் எனக்குப் பாதி தெரியும். தொலைவிலிருந்து ஓட்டி வருகிறவர்கள் ராத்திரி வண்டியை இங்கே விட்டுவிட்டுப் பஸ் ஏற வேண்டியிருக்கும். இரும்பு பேரல் ஒரு காபி குடிப்பதற்குள் ஆறுவதில்லை.